வெறும் தேநீர் தந்தவர்

முருங்கனை அடுத்த எங்கள் ஊரில் நான் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். கோயில் பரிபாலன சபையின் தலைவரும் நானே. எந்த வீட்டுக்குப் போனாலும் கதிரையைத் துடைத்துவிட்டுப் பால் தேநீர் தருவார்கள். திருவிழாவுக்குச் சொல்லப் போன அன்று, ஊரின் கடைசி வளவில் குடியிருந்த கூலித் தொழிலாளி மட்டும் எனக்கு வெறும் தேநீர் தந்தார்.

மெலிந்து உயர்ந்த மனிதர். உள்ளங்கையில் சிறிது சீனியை வைத்து, அதை நாவால் தொட்டுத் தொட்டுத் தேநீர் குடிப்பது அவர் வழக்கம்.

"குறை நினைக்காதேங்கோ ஐயா. பால்மா வாங்கிறதை நிப்பாட்டிப்போட்டம். வளவுக்குள்ள கிணறு வெட்டப் போறம்."

"எனக்குமோ நிப்பாட்டினீர்?" என்றேன்.

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்தார். "ஐயாவுக்கு ஊத்தினா ஊருக்கே ஊத்த வேணும். கோயில் கிணத்தில இருந்து நான் குடத்தோட நடக்கிறதை ஐயாவும் காணுறனீங்கள்தானே?"

நான் குடித்துவிட்டு வந்தேன்.

அதன்பின் அவ்வீட்டில் மீன்கறியும் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றானது. தீபாவளிக்கும் அவர் பழைய சேட்டு ஒன்றையே தோய்த்துப் போட்டார். ஒருவாறு கிணறு வெட்டினார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வளவில் நன்னீரும் அடுத்ததில் உவரும் ஊறும். ஆயினும், கோயில் கிணறு நன்னீர் என்பதால் இதுவும் அப்படியே இருக்கும் என்று அவர் நம்பினார். ஊரும் நம்பியது.

ஊறிய தண்ணீரை அவரே முதலில் அள்ளிக் குடித்தார். துப்பவில்லை, விழுங்கிவிட்டு மனைவியைப் பார்த்தார். ஏன் துப்பவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

வாயைக் கட்டி வெட்டிய அந்தக் கிணற்றில் தண்ணீரே வரவில்லை என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். அது பிழை. தண்ணீர் நிறைய வந்தது. அது உவர்.