காயத்தில் வைத்த தேயிலைத் தூள்

குஞ்சம்மாள் பிறந்தது கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில் அட்டனை ஒட்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில். அங்கே கூலிக்காரர் காயத்துக்கு வைத்தியர் யாரும் வரமாட்டார். கத்தி பட்டாலும் சரி, கங்காணி மண்டையை உடைத்தாலும் சரி, ஒரு பிடி தேயிலைத் தூளை வைத்து அமுக்கித் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். எண்பத்து மூன்று இனக் கலவரத்தில் ஒரு கும்பல் வந்து குடியிருப்புக்குத் தீ வைத்து, அவளுடைய அண்ணனை வாசலிலேயே வெட்டியது. அன்றைக்கும் அவள் தூளைத்தான் வைத்தாள். கழுத்து வெட்டு, ரத்தம் நிற்கவில்லை.

புருஷன் பச்சமுத்துவோடு படகேறி வந்து, கடைசியில் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலை கண்ணுக்குத் தெரிகிற ஒரு அகதி முகாமில் விழுந்தாள். இரண்டு பேரும் பக்கத்து ஊர் செல்லமுத்துவின் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார்கள். அவர் தன் கையாலேயே வேலை செய்கிற குடியானவர். வாய் கெட்டது, மனசு கெட்டதில்லை.

எண்பத்தேழு, புரட்டாசி பிறந்த அன்று மறியல் தொடங்கியது. இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக ஜனங்கள் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயமா இல்லையா என்பது வேறு பேச்சு. ரோட்டோரப் புளியமரமெல்லாம் குறுக்கே விழுந்து கிடந்தது. பஸ் இல்லை, லாரி இல்லை. அங்கே சுட்டார்களாம், இங்கே எரித்தார்களாம் என்று பொழுதுக்கு ஒரு சேதி வந்தது.

மூன்றாம் நாள் காலை தோட்டத்துக்குப் போன பச்சமுத்துவை மறியல்காரர்கள் ஏழெட்டுப் பேர் மடக்கி, மரம் அறுக்கிற ரம்பத்தின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார்கள். அவன் மாட்டேன் என்றான். போலீசு கேசு விழுந்தால் அகதி அட்டையைப் பிடுங்கித் திரும்பவும் படகில் ஏற்றிவிடுவார்கள் என்று கும்பிட்டுச் சொன்னான்.

குடித்திருந்த ஒருத்தன், "எங்க ஊரு சோத்தத் தின்னுக்கினு, ஒரு மரம் அறுக்க வலிக்குதாடா ஒனுக்கு?" என்று கன்னத்தில் அறைந்தான்.

பச்சமுத்து பேசாமல் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். அறைந்த கையைப் பிடித்து முறுக்கிவிட்டான். உடனே கோடாலி இறங்கியது. கணுக்காலுக்கு மேலே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. வெட்டினவனே கோடாலியைப் போட்டுவிட்டு ஓடிப்போனான்.

தோட்டத்து ஆட்கள் அவனை முகாமுக்குத் தூக்கி வந்தார்கள். குஞ்சம்மாள் அழவில்லை. இருந்த தேயிலைத் தூள் அத்தனையையும் காயத்தில் கொட்டி, சேலையைக் கிழித்துக் கட்டினாள். ரத்தமும் தூளும் சேர்ந்து தார் மாதிரி உறைந்தது. செல்லமுத்து மாட்டுவண்டியோடு வந்து நின்றார்.

"ஏறும்மா, பேசிக்கினு நிக்காத. உசுரு போய்க்கினு இருக்குது."

மரம் விழுந்த இடமெல்லாம் வயலுக்குள் இறக்கி ஏற்றிப் போனார்கள். டவுனுக்கு முன்னால் இருந்த மறியலில் கல் பறந்தது. ஒரு கல் மாட்டின் மூக்கைக் கிழித்தது, இன்னொன்று செல்லமுத்துவின் நெற்றியைப் பிளந்தது. கண்ணில் ரத்தம் வழிய வழிய அவர் கயிற்றை விடவில்லை, கல்லெறிந்தவர்களின் தாயை எல்லாம் இழுத்துத் திட்டிக்கொண்டே ஓட்டினார். வண்டிக்குள் பச்சமுத்துவின் வெட்டுப்பட்ட காலைப் பார்த்த பிறகுதான் மறியல்காரர்கள் விலகினார்கள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரம் முழுக்க உடைந்த மண்டையும் குண்டடி பட்ட தோளுமாகக் கிடந்தது. டாக்டர் கட்டை அவிழ்த்தார். உள்ளே கன்னங்கரேலென்று இருந்தது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் அட்டையை வாங்கிப் பார்த்தார். இலங்கை என்று இருந்தது. அந்த வருஷம் சிலோன்காரன் என்றாலே வெடிகுண்டு என்றுதான் பேச்சு.

"இன்னாடி மருந்து இது? குண்டு கட்டும்போது வெடிச்சுதா?"

தேயிலைத் தூள் என்று அவள் சொன்னாள். அவர் சிரித்தார். டீத்தூளை எவளாவது காயத்தில் வைப்பாளா என்று கேட்டார். மேலதிகாரி வந்து பார்க்காமல் தொடக்கூடாது என்று டாக்டரிடம் சொன்னார். ரோடெல்லாம் மரம் கிடக்க, மேலதிகாரி எப்படி வருவார் என்று யாரும் கேட்கவில்லை. டாக்டர் அடுத்த ஆளைப் பார்க்க நகர்ந்தார். குஞ்சம்மாள் அவர் சட்டையைப் பிடித்தாள். தோளில் லத்தி விழுந்தது. விடவில்லை. இன்னொரு அடி விழுந்தது, கை தானாகக் கழன்றது.

அப்போது அவள் செய்ததை அங்கே கிடந்தவர்கள் ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். புருஷன் காயத்துக்குள் விரலை விட்டாள். அவன் ஒரு தரம் அலறி மயங்கிப் போனான். உறைந்திருந்த கருந்தூளை ஒரு பிடி தோண்டி எடுத்து வாயில் போட்டு மென்றாள். கடைவாயில் ரத்தம் வழிந்தது. மென்று விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து போலீஸ்காரரிடம் காட்டினாள். கையில் மிச்சம் இருந்ததை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"குண்டு மருந்துன்னா நான் செத்துருவேன்ல? சாகலையே. இந்தாங்க, நீங்களும் மென்னு பாருங்க."

அவர் சுவரோடு ஒட்டினார். டாக்டர்தான் திரும்பி வந்து, அவள் உள்ளங்கையை மூக்குக்குக் கிட்டே இழுத்து முகர்ந்தார்.

"டீத்தூள்தான்யா. ஸ்ட்ரெச்சர் கொண்டா."

உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். ஆனால் கால் அழுகிப்போய், நாலாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. கண்டதையும் வைத்ததால்தான் என்று டாக்டர் திட்டினார். தூளால் இல்லை, தாழ்வாரத்தில் போட்டு வைத்த நேரத்தால்தான் போனது என்று குஞ்சம்மாள் அவர் முகத்துக்கு எதிரேயே சொன்னாள். கட்டில் பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் வேறு யாரையாவது படுக்க வைத்துவிடுவார்கள் என்று, அடிபட்ட தோளோடு தரையிலேயே கிடந்தாள்.

பச்சமுத்து கண் திறந்து போர்வையை விலக்கிப் பார்த்தான். எட்டி அவள் மயிரைப் பிடித்துக் கன்னத்தில் மாறி மாறி அடித்தான். ஏன் வெட்ட விட்டாய், செத்துப்போக விட்டிருக்கலாமே என்று கத்தினான். கை ஓய்கிற வரைக்கும் அவள் தடுக்கவில்லை. பிறகு மயிரை அள்ளி முடிந்துகொண்டு சொன்னாள்:

"முகாம்ல ரேசனுக்குத் தலையத்தாங்க எண்ணுவாங்க. கால எண்ண மாட்டாங்க."

பக்கத்துக் கட்டிலில் குண்டடி பட்டுக் கிடந்தவன் சிரித்து, வலி தாங்காமல் முனகினான். பச்சமுத்து சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்புறம் தண்ணீர் கேட்டான். அவள் எழுந்து போய்ப் பிடித்து வந்தாள்.