பின்னால் நடந்து வந்தவன்

அக்காவின் கல்யாணத்துக்குக் கனடாவிலிருந்து வந்த மாமா, கொழும்பில் தெரிந்த ஒருவரிடம் இரண்டு கிழமைக்கு இரவலாக ஒரு காரை வாங்கிக்கொண்டு வந்தார். கறுப்புக் கார். எங்கள் ஒழுங்கைக்குள் அது நுழைந்தபோது நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பற்றறியிலும் ஓடும் கார், அதற்குச் சத்தமே இருக்கவில்லை. வாசல் படலையடியில் படுத்திருந்த கழுதை ஒன்றுதான் அதை முதலில் கண்டது. மன்னார்க் கழுதைகள் லொறி ஹோன் அடித்தாலும் எழும்பாதவை. அந்தக் கழுதை எழுந்து, காரைப் பார்த்தபடியே பின்பக்கமாக விலகிப் போனது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

என் தம்பிக்கு அப்போது பதினேழு வயது. அப்பாவின் ஓட்டோவை ஒழுங்கைக்குள் ஓடிப் பழகியிருந்தான், லைசென்ஸ் இல்லை. எந்நேரமும் அவனோடு ஒட்டிக்கொண்டு திரியும் சிநேகிதன் ஒருவன் இருந்தான். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. பள்ளிக்கூடம், பந்தடி, மாதா கோயிலில் பாட்டுப் பாடுவது எல்லாம் இருவரும் சேர்ந்துதான். சிநேகிதன் எதைச் சொல்ல வந்தாலும் "அதுவந்து" என்று இழுத்துத்தான் தொடங்குவான். அவனுடைய அப்பா சண்டைக் காலத்தில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். தாயும் மகனுமாக இரண்டே பேர். அந்தத் தாயை நாங்கள் அன்ரி என்போம்.

இருவரும் காரைச் சுற்றிச் சுற்றி வருவதை மாமா பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மருமோன், ஓடிப் பாக்கிறியா?"

"அவனுக்கு லைசென்ஸ் கூட இல்லை" என்று அம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்.

"உது ஒட்டோமற்றிக் அக்கா. ஒண்டை மிதிச்சா போகும், மற்றதை மிதிச்சா நிக்கும். சின்னப் பிள்ளையும் ஓடும்."

தலைமன்னார் வீதிக்குப் போனோம். மாமா முன்னால், தம்பிக்குப் பக்கத்தில். நானும் சிநேகிதனும் பின்னால். சண்டை முடிந்து அந்த வீதி புதிதாகப் போடப்பட்டிருந்த காலம். கறுத்து, வழுவழுவென்று, வளைவே இல்லாமல் கிடந்தது. குண்டும் குழியுமான வீதிகளில் வளர்ந்த எங்களுக்கு வேகம் என்றால் குலுக்கம். இந்தக் காரில் குலுக்கமே இல்லை. அதனால் வேகமாகப் போகிறோம் என்றே உடம்புக்குத் தெரியவில்லை. வெளியே பனைகள் ஒன்றோடொன்று கரைந்து ஒரே சுவராகிவிட்ட பிறகுதான் எனக்கு அது விளங்கியது. சிநேகிதன் முன்னால் எட்டிப் பார்த்து முள் காட்டும் இலக்கங்களை உரக்க வாசித்துக்கொண்டிருந்தான். கண்ணாடியில் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். பயமோ மகிழ்ச்சியோ அந்த முகத்தில் இல்லை. அவனை யாரோ ஓட்டிக்கொண்டு போவதுபோல இருந்தான்.

"மாமா, மெல்லப் போகச் சொல்லுங்கோ."

மாமா போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "பயப்படாதை பிள்ளை. இவன் பிறவி ட்ரைவர்."

வீட்டுக்கு வந்தபின் அந்தப் படத்தைச் சொந்தக்காரர் எல்லோருக்கும் காட்டினார். எல்லோரும் தம்பியின் முதுகில் தட்டினார்கள்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பின்னேரம் கூடாரத்துக்குப் பின்னால் ஆம்பிளைகள் போத்தல்களைத் திறந்தார்கள். மாமா கொண்டுவந்த வெளிநாட்டுப் போத்தலும் அங்கே போனது. நான் சாப்பாட்டுத் தட்டங்களோடு அந்தப் பக்கம் போனபோது பெரியவர் ஒருவர் தம்பி, சிநேகிதன் என்று பொடியன்களின் கையில் ரின்களைத் திணித்துக்கொண்டிருந்தார்.

"பியர்தானே, குடியுங்கோடா. நாளைக்கு நீங்களும் கலியாணம் கட்டிற ஆக்கள்."

அம்மா கண்டு ஏசினாள். அவர்கள் சிரித்தார்கள். யாரோ வந்து அம்மாவை அக்காவின் நகைக்காகக் கூப்பிட்டார்கள், அவள் போய்விட்டாள்.

அடுத்த நாள் காலை, வெளிச்சம் வந்த பிறகு, நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். கடதாசிப் பூக்களும் எலும்புகளும் எங்கும் கிடந்தன. எல்லோரும் விழுந்த இடங்களில் நித்திரை. எங்கள் பின்வேலிக்கு அப்பால் களப்புக் கடல். தண்ணீர் வற்றியிருந்தால் கண்ணுக்கு எட்டும்வரை சேறு. அதன் முடிவில், மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்து வீதி ஒரு கோடுபோலத் தெரியும்.

பின்படலை திறந்து தம்பி வந்தான். வீதிப் பக்கமாக வராமல் கடல் பக்கமாக வந்தான். தொடை வரை சேறு. கல்யாணச் சேட்டுத்தான் போட்டிருந்தான். தலைமயிருக்குள் ஏதோ மின்னியது. மணலாக்கும் என்று நினைத்தேன். கிட்டப் போனபோது கண்ணாடித் துகள்.

"அக்கா, தேத்தண்ணி போடு. அவனுக்கும் சேத்துப் போடு."

"எங்கையடா போனனீங்கள்?"

"அவன் பின்னால வாறான்."

கதிரை ஒன்றை இழுத்து, படலையைப் பார்த்தபடி உட்கார்ந்தான். குரல் வழக்கம்போலவே இருந்தது. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. நான் படலைக்குப் போய் வெளியே பார்த்தேன். சேற்றில் காலடிகள் ஒரு வரிசையாக வந்திருந்தன. ஒரே ஒரு வரிசை. ஒவ்வொரு அடிக்குள்ளும் தண்ணீர் ஊறி நிரம்பிக்கொண்டிருந்தது. அவற்றுக்கு அப்பால் யாரும் இல்லை. ஒரு கொக்குக்கூட இல்லை.

"ஒருத்தரும் வரேல்லையேடா."

"வாறான். மெல்ல வாறான்."

அப்போதுதான் பாலத்து வீதிக்குக் கீழே, தண்ணீரோடு தண்ணீராக, மஞ்சள் வெளிச்சம் ஒன்று அணைந்து அணைந்து எரிவதைக் கண்டேன். முற்றத்தில் கார் நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். தும்புத்தடியால் அந்த இடத்தையும் நான் கூட்டியிருந்தேன். கார் இல்லை என்பது அதுவரை என் மூளையில் ஏறவில்லை. அது போனதை யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

அப்பாவையும் மாமாவையும் எழுப்பினேன். அம்மா தம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் மூவரும் ஓட்டோவில் போனோம். அப்பா ஓட்டினார். வழி முழுக்க மாமா, "இன்சூரன்ஸ் இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். காரைப் பற்றித்தான் சொல்கிறார் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். என்ன சொல்கிறார் என்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

கார் கரைக் கற்களைத் தாண்டிப் பறந்து போய், நான்கு சக்கரமும் கீழே இருக்கத்தான் நின்றது. மூக்கு மட்டும் சேற்றுக்குள். தண்ணீர் கதவின் பாதிகூட இல்லை. காற்று விழுந்துபோயிருந்த காலை. அந்த அமைதிக்குள் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. சின்ன மணியை விரலால் தட்டுவதுபோல, டிங், டிங், டிங் என்று.

"என்ன சத்தம் மாமா அது?"

"பெல்ற் போடச் சொல்லி அடிக்கிறது" என்றார். பிறகு அவருடைய குரல் இறங்கியது. "சீற்றில ஆள் இருந்தாத்தான் அடிக்கும்."

அப்பாவும் மாமாவும் தண்ணீருக்குள் இறங்கினார்கள். நான் வீதியோரத்துக் கல்லில் நின்றேன். அவர்கள் போகப் போக மணி அடித்துக்கொண்டேயிருந்தது. கூப்பிடுவதுபோலவும் இருந்தது, எச்சரிப்பதுபோலவும் இருந்தது. அப்பா இடப்பக்கக் கதவை இழுத்துத் திறந்து, குனிந்து அவனைச் சீற்றிலிருந்து தூக்கினார். மணி நின்றது.

எத்தனையோ சத்தங்களைக் கேட்டுப் பயந்திருக்கிறேன். ஷெல் சத்தம் கேட்டுப் பதுங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு சத்தம் நின்றதற்காக நான் பயந்தது அந்தக் காலையில்தான்.

சிநேகிதனுக்குக் கழுத்து முறிவு, என்றார் ஆஸ்பத்திரியில் டொக்டர். அடிபட்ட அதே நொடியில் உயிர் போயிருக்கும் என்றார். தம்பி பெல்ற் போட்டிருந்தான், மாமா பழக்கிவிட்டது. அவன் மார்பில் குறுக்காக ஒரு நீலக் கோடு மட்டும்.

வீட்டுக்கு வந்து நான்தான் அவனிடம் சொன்னேன். அவன் அதே கதிரையில் இருந்தான்.

"இல்லையக்கா. அவன் என்னோட வந்தவன். பாலத்தடியில இருந்து வந்தவன். சேத்துக்குள்ள அவன்ர கால் எடுத்து வைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. மெல்லப் போடா எண்டவன். நான் திரும்பேல்ல. திரும்பினா சேத்துக்குள்ள புதைஞ்சு போவன் எண்ட பயம்."

பொலிஸ் அவனைக் கொண்டுபோனது. கார் எடுத்த கதை அங்கேதான் வெளியே வந்தது. விடியப்போகும் நேரத்தில் இருவரும் எழுந்து, பாலம் தாண்டித் திருக்கேதீஸ்வரச் சந்தி வரை காரில் போய், எங்கள் கோயில் காலைப் பூசைக்கு முன் திரும்பிவிடுவதாக இறங்கியிருக்கிறார்கள். உடம்பில் குடிவெறி இன்னும் இருந்தது. போனது சரி. திரும்பும்போது பாலத்து வீதி வெறிச்சென்று கிடந்ததைக் கண்டு தம்பி மிதித்திருக்கிறான். பிறேக்கைத் தேடிய கால் எதை மிதித்தது என்று அவனால் சொல்ல முடியவில்லை. அவன்மேலும் வழக்கு, மாமாமேலும் வழக்கு. மாமாவின் பயணம் பல மாதம் தள்ளிப்போனது. எங்கள் வீட்டில் இருந்த அத்தனை நாளும் அவர் ஒரு துளி குடிக்கவில்லை. யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசவுமில்லை.

அடக்கம் முடிந்து, தம்பி பிணையில் வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் அன்ரி எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். அடிக்கப் போகிறார் என்றுதான் அம்மா நினைத்தாள். அவர் தம்பிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டார்.

"நடந்து வரேக்க என்ன சொன்னவன்?"

"மெல்லப் போடா எண்டவன், அன்ரி."

"வேற?"

அன்றைக்கு வேறு ஒன்றும் இல்லை. அவர் அடுத்த நாளும் வந்தார். பின்னேரமானால் படலை திறக்கும். புருஷன் கடைசியாகச் சொன்ன சொல் என்னவென்று அறியாத மனுஷி. மகனுடையதையாவது பிடித்துவிடப் பார்த்தார் என்று இப்போது விளங்குகிறது. அப்போது பயமாகத்தான் இருந்தது. ஏனென்றால் தம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகச் சொல்லத் தொடங்கினான். கால் நோகுது என்றானாம். தண்ணி விடாய்க்குது என்றானாம். அம்மா ஏசுவா என்றானாம். அன்ரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவார். சில சொற்களைத் திரும்பச் சொல்லச் சொல்லுவார்.

ஒரு நாள் நான் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தேன். வெளியே பேச்சுக் கேட்டது.

"அதுவந்து... அம்மா..."

அது இறந்தவனின் குரல். அந்த இழுவை, அந்த மூச்சு. எட்டிப் பார்த்தேன். தம்பிதான் பேசினான். கண்கள் படலையில் இருந்தன. அன்ரி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லு ராசா, சொல்லு" என்றார்.

அம்மா அழுதுகொண்டு கோயிலுக்கு ஓடி, பங்குச் சுவாமியைக் கூட்டி வந்தாள். சுவாமி செபம் ஒன்றும் சொல்லவில்லை. தம்பிக்குப் பக்கத்தில் நெடுநேரம் சும்மா இருந்தார். போகும்போது, "உண்மையை அவவுக்குச் சொல்லு மகன். அவ தாங்குவா. சொல்லாட்டி நீதான் தாங்கமாட்டாய்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த முறை அன்ரி வந்தபோது தம்பி எழுந்து நின்றான்.

"அன்ரி, அவன் வரேல்ல. நான் காருக்குள்ள கூப்பிட்டனான். அவன் அசையேல்ல. பயத்தில விட்டிட்டு இறங்கி வந்திட்டன். பின்னால வாறான், பின்னால வாறான் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தனான். பிறகு காலடிச் சத்தம் கேட்டது. அது மட்டும் பொய் இல்லை அன்ரி. அது கேட்டது."

அன்ரி படலையைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டிருக்கும்" என்றார். "மெல்லப் போகச் சொன்னது?"

"அது காருக்குள்ள. ஓடேக்க சொன்னவன். ஒருக்காச் சொன்னவன். நான் சிரிச்சனான்."

அவர் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு போனார். அதன் பிறகு அவர் கேட்க வரவில்லை. தம்பியும் அந்தக் குரலில் ஒருபோதும் பேசவில்லை. ஆனால் வழக்கு முடிந்த பிறகும் பல வருஷம் அவன் வாகனம் எதையும் தொடவில்லை. சைக்கிளைக்கூட உருட்டிக்கொண்டுதான் போனான். அப்பாவுக்கு முதுகு ஏலாமல் போனபோதுதான் வேறு வழியின்றி ஓட்டோவை எடுத்தான். ஆட்கள் அவசரப்படுத்தினால் ஓரமாக நிறுத்தி, இறங்கி வேறு ஓட்டோ பிடிக்கச் சொல்லிவிடுவான்.

இப்போது எங்கள் பக்கத்தில் எந்தக் கல்யாணமானாலும், பின்னேரம் ஆம்பிளைகள் கூடாரத்துக்குப் பின்னால் போகும் நேரம் பார்த்து அன்ரி படலைக்கு வந்துவிடுவார். யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. வரவேண்டாம் என்று சொல்லவும் ஆளில்லை. மோட்டார்சைக்கிளோ காரோ கொண்டுவந்த இளசுகள் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நிற்பார்.

"வாயை ஊது."

மணந்தால் வண்டிச் சாவிக்குக் கை நீளும். திறப்பு கைக்கு வரும்வரை அவர் கண்ணிமைப்பதில்லை. கொழும்பிலிருந்து வந்த பொடியன் ஒருவன் ஒருமுறை, "நீங்கள் ஆர் கேக்கிறதுக்கு?" என்று திருப்பிக் கேட்டான். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் திறப்பை அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போனான்.

என் தம்பி குடிப்பதில்லை. எல்லோருக்கும் முதலில் ஓட்டோத் திறப்பைக் கொண்டுபோய் அவர் கையில் வைப்பவன் அவன்தான். அவர் அவனுடைய வாயை மணந்து பார்ப்பதில்லை. வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொள்வார். பிறகு இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து, பரிமாறிய சோற்றைச் சாப்பிடுவார்கள்.