குழிமுழுங்கிக்குப் பல் வைக்காத இன்பாக்கா

இன்பாக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு ஆர்டராகத்தான் வந்தது. பெரம்பலூரில் என் பிளக்ஸ் கடைக் கணினி முன்னால் உட்கார்ந்து ஒரு காதுகுத்து பேனரை முடித்துக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ, கீழே ‘கண்ணீர் அஞ்சலி, அவசரம்’ என்று ஒரு வரி. திறந்தால் இன்பாக்கா சிரிக்கிறார். மாரடைப்பு என்று பிறகுதான் சொன்னார்கள். எத்தனையோ வீடுகளுக்கு அந்த இரண்டு வார்த்தையை அடித்துக் கொடுத்திருக்கிறேன், அன்றைக்கு விரல் நகரவில்லை. பக்கத்துக் கடைக்காரர் வந்துதான் எழுத்தைக் கோத்தார்.

உங்களில் பலருக்கு அவர் அரியலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த இன்பவல்லி. பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் பூதக்கதை அக்கா. பதின்வயதுப் பிள்ளைகளுக்காக அவர் எழுதிய பேய்க் கதைகளுக்கெல்லாம் படம் போட்டவன் நான். எங்கள் வேலை முறை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். போனில் கூப்பிட்டு, புதிதாக ஒரு பூதம் வந்திருக்கிறது என்பார். கொம்பு உண்டா, வால் உண்டா என்று நான் கேட்பேன். “மூஞ்சிய அப்பறம் பாத்துக்கலாம் தம்பி. அதுக்கு என்ன பசின்னு மொதல்ல கேளு” என்பார். பசியை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அதை வைத்து நான் வரைய வேண்டும். எனக்கு எரிச்சலாக வரும், ஆனாலும் வரைவேன்.

குழிமுழுங்கி அப்படி வந்ததுதான். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிவிட்டு அப்படியே விட்டுப்போன குழிகள் நம் பக்கத்தில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். மழை பெய்தால் பச்சைத் தண்ணீர் நிற்கும், ஆழம் தெரியாது. அவர் வீட்டுக்கு அருகில் இருந்த குழியில் ஒரு பிள்ளை முழுகிப் போனான். அதற்குப் பிறகுதான் அந்தக் கதையை எழுதினார். பிள்ளைகள் பயந்து அந்தப் பக்கமே போகக் கூடாது, அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம், கல்லாகிப்போன நத்தைகள் இன்றும் கிடைக்கின்றன. கடல் போனபோது கூடப் போகாமல் தங்கிவிட்ட பூதம் அது. முதுகெல்லாம் கல் நத்தை. விளையாட ஆள் வேண்டும் என்று பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

புத்தகம் நன்றாகப் போனது. போன விதம்தான் தப்பாகிவிட்டது. ஒரு சாயங்காலம் அவர் குழிப் பக்கம் போனபோது பிள்ளைகள் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீருக்குள் முறுக்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்கு, “பாவம்க்கா, அது தனியா கெடக்குல்ல” என்றார்களாம். அன்றே எனக்குப் போன் செய்தார். “பயமுறுத்தத்தான்டா எழுதுனேன். நானே கூட்டிட்டுப் போயி விட்டுட்டனே.”

உடனே இரண்டாம் பாகம் தொடங்கினார். அதில் குழிமுழுங்கி கடிக்க வேண்டும். பல் வைத்து வரைந்து அனுப்பினேன். “இது யாரோ தம்பி, நம்மளுது இல்ல” என்று திருப்பிவிட்டார். எத்தனை முறை மாற்றினாலும் அதே பதில். கடைசியில், “கடிடான்னா கடிக்க மாட்டேங்குது, நான் என்ன பண்ணட்டும்” என்று அலுத்துக்கொண்டார். கோபமாக இருந்தாரா, உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாரா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

அவர் ஊர்ப் பள்ளியில் ஒரே ஓர் அத்தியாயத்தை மட்டும் வாசித்துக் காட்டினார். அதில் குழிமுழுங்கி பேசுகிறது: என் மேல் கை பட்டால் நீங்களும் கல்லாகிவிடுவீர்கள், அதைப் பார்க்க எனக்குத் தாங்காது, கரையில் இருக்கும் பனைமரத்துக்கு அந்தப் பக்கமே நின்று பேசுங்கள், எனக்குக் கேட்கும். வாசித்து முடித்ததும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்களாம். “மெரட்டப் போயி கெஞ்சிட்டு வந்துட்டேன் தம்பி. ஒண்ணும் நடக்காது” என்றார். அத்தோடு எழுதுவதையும் குழிப் பக்கம் போவதையும் நிறுத்திவிட்டார். தோற்றுவிட்டோம் என்ற நினைப்போடுதான் போனார்.

காரியத்துக்குப் போன அன்று அவர் வீட்டில் உட்கார முடியவில்லை. குழிப் பக்கம் நடந்தேன். பிள்ளைகள் இருந்தார்கள். எல்லோரும் பனைமரத்துக்கு இந்தப் பக்கம் வரிசையாக நின்று, தண்ணீரைப் பார்த்துச் சத்தமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் மரத்தைத் தாண்டப் போனேன். ஒரு சிறுமி என் சட்டையைப் பிடித்தாள்.

“அங்க போவாதீங்கண்ணா. கை பட்டா நம்ம கல்லாயிருவோம். அது அழுவும்.”

எப்போதிலிருந்து இப்படி நிற்கிறீர்கள் என்று கேட்டேன். அக்கா வந்து படித்ததிலிருந்து என்றாள். இதைக் கேட்க வேண்டியவர் கேட்காமலே போய்விட்டார். ஒரு தடவை, ஒரே ஒரு சாயங்காலம் இந்தப் பக்கம் வந்திருக்கக் கூடாதா?

இப்போது என்ன சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்றேன்.

“அக்கா செத்துப்போனதத்தாண்ணா. பாவம், அதுக்கு யாரு சொல்லுவா? தெரியாம காத்துக்கிட்டு இருக்கும்ல.”

பல்லில்லாத குழிமுழுங்கியின் படம் என் கடைச் சுவரில் இருக்கிறது. யார் வந்து எதை வரையச் சொன்னாலும் முதலில் பசியைக் கேட்கும் பழக்கமும் என்னிடம் இருக்கிறது. இரண்டும் அவர் விட்டுப்போனவை. அன்று நானும் அந்தப் பிள்ளைகளோடு பனைமரத்துக்கு இந்தப் பக்கமே நின்றேன்.