மூன்றாவது பாட்டுக்கு முன்னால்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில், பெரிய கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், எனக்கு ஒரு கேசட் ரெக்கார்டிங் கடை இருந்தது. வேண்டிய பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் காலிக் கேசட்டில் பதிந்து தருவேன். கடைசியில் டேப் மிச்சமிருந்தால் சும்மா விடமாட்டேன். அண்ணாமலையார் பாட்டோ நாதஸ்வரமோ போட்டு நிரப்பிவிடுவேன். வெறும் டேப் ஓடுவதை யார் உட்கார்ந்து கேட்பார்கள் என்பது என் கட்சி.

அடி அண்ணாமலை கிராமத்தில் வாடகைக்கு இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் அடிக்கடி வருவார். அவர் ஊரில் ஒரு ராக் குழுவில் பதினோரு வருஷம் கிதார் வாசித்தவர். பாட்டெல்லாம் இவர் எழுதுவது. பாடுவது இவருடைய பள்ளிக்கூடத்து நண்பர். ஒருநாள் மேடையிலேயே இருவருக்கும் சண்டை வந்து, இவர் பாதியில் இறங்கிப் போய்விட்டாராம். அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பை நான் நம்பியதில்லை.

ஒருநாள், தன் அறையில் பாடிப் பதிந்த கேசட்டைக் கொண்டுவந்து நகல் கேட்டார். அந்த நண்பருக்கு அனுப்பவாம். கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டால் போவாராம். நான் சீக்கிரம் முடிய வேக ஓட்டத்தில் போட்டு, பாட்டுச் சத்தத்துக்கு எரியும் விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பாட்டு முடிந்ததும் விளக்கு அணைந்தது. சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு நிறுத்தினேன். மீதியில் நாதஸ்வரம். அன்றே தபாலில் சேர்த்துவிட்டார்.

மறுவாரம், கடையின் பெரிய ஸ்பீக்கரில் கேட்க ஆசைப்பட்டு மூலக் கேசட்டை எடுத்துவந்தார். இரண்டு பாட்டுக்குப் பிறகு சத்தமில்லை. நிறுத்தப் போனேன், கையைக் காட்டித் தடுத்தார். வெகுநேரம் கழித்து மூன்றாவது பாட்டு வந்தது. என் அரைகுறை இங்கிலீஷுக்கே அது மன்னிப்புக் கேட்கும் பாட்டு என்று புரிந்தது. நான் எடுத்த நகலில் அது இல்லை.

தப்பு என்மேல் இருந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும்.

"நடுவுல இவ்ளோ நேரம் சும்மா வுட்டா, பாட்டு முடிஞ்சிடுச்சுன்னுதான சார் நெனைப்பாங்க?"

அதைப் பாட ஆரம்பிக்க அவ்வளவு நேரம் தைரியம் வரவில்லை என்றார். அப்புறம்தான் நாதஸ்வர விஷயத்தைச் சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்து தெருவையே பார்த்தார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மதியமே கடையைச் சாத்தி, இன்னொரு நகல் எடுத்தேன். இம்முறை வேக ஓட்டம் இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்த வெறும் நேரத்தையும் சேர்த்துப் பதிந்து, நானே தபாலாபீஸுக்குப் போய் அனுப்பினேன். ஒன்றரை மாதம் எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. பிறகு ஒரு காலையில் அவர் கையில் கடிதத்தோடு வந்தார். நண்பர் வரச் சொல்லியிருந்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, கடையில் சி.டி. விற்கத் தொடங்கியிருந்த சமயம், அவரிடமிருந்து பார்சலில் அவர்கள் குழுவின் சி.டி. ஒன்று வந்தது. உடனே போட்டேன். கடைசிப் பாட்டுக்கு முன்னால் அதே நீளத்துக்குச் சத்தமில்லை.

"பாட்டு முடிஞ்சிடுச்சுக்கா. வேற போடுங்க" என்றார், சி.டி. வாங்க வந்திருந்த ஒரு பெண்.

"இரும்மா. இன்னும் இருக்குது."