தெரிஞ்சவர் ஒருத்தருக்குத் தூக்கமில்லை

பல் வலித்தால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கடைத்தெரு நடுவே வருகிறவர்கள், மனம் வலித்தால் மட்டும் சந்து வழியாக வருவார்கள். அந்தச் சந்து முனையில்தான் என் பிழைப்பு நடந்தது.

மயிலாடுதுறையில் ஒரு மனநல மருத்துவரின் மாடி கிளினிக். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் வந்தவர்களோடு உட்கார்ந்து பேசி, என்ன கஷ்டம் என்று கேட்டுவைப்பது என் வேலை. ஊரில் பாதி ஆண்பிள்ளைகள் வளைகுடாவுக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம். வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் "சும்மா காய்ச்சல்" என்று சொல்லியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான்.

போன் பேச வந்தவர்கள்

எங்கள் மாடிப்படிக்குப் பக்கத்திலேயே ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. துபாய், மஸ்கட் என்று கணவன்மாரோடு பேச வரும் பெண்களின் கூட்டம் எப்போதும் இருக்கும். மாடிக்கு வருகிறவர்களுக்கு அது பெரிய வசதி. பூத் பெஞ்சில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, தெருவை இரண்டு பக்கமும் பார்த்து, தெரிந்த முகம் இல்லை என்று உறுதியான பிறகு சட்டென்று படியேறிவிடுவார்கள். யாராவது பார்த்துவிட்டால், "போன் பேச வந்தேன்."

பூத் நடத்தியவர் அந்தோணி. நல்ல மனுஷர், ஆனால் பொறுமைக்கும் அளவு உண்டல்லவா? ஒருநாள் படியில் என்னை நிறுத்திச் சொன்னார்: "மேடம், ஒங்க ஆளுங்க ஒருத்தர்கூட ஒரு லோக்கல் கால் பேச மாட்டேங்குறாங்க. ஆனா என் பெஞ்சு மட்டும் தேயுது!"

தண்ணீர் வந்த பிறகு

திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்து கோவிந்தராஜ் என்ற விவசாயி தலைவலி என்று வந்தார். தலைவலி மாதிரி தெரியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, பேச்சு இல்லை. சொந்த வயலுக்குப் போகவே கால் வரவில்லை என்றார். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை போயிருந்தது. "மேட்டூர் தொறக்கட்டும் மேடம், எல்லாம் சரியாயிடும். இதுக்குப் போயி மாத்திரை எதுக்கு?" என்று எழுந்துவிட்டார். அவர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போது ஒருவன் எப்படிச் சிரித்துக்கொண்டிருப்பான்? "தண்ணி வந்தப்புறமும் வலிச்சா, கூச்சப்படாம வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

சம்பா நடவு முடிந்து, பஸ் ஜன்னலில் பார்த்த இடமெல்லாம் பச்சையாக இருந்த ஒரு நாளில் திரும்ப வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தண்ணி வந்துடுச்சு மேடம். தலவலியும் கூடவே வந்துடுச்சு."

மஸ்கட் போகாத அம்மா

ஜைத்தூன் பீவிக்கு ஐம்பது வயதிருக்கும். தூக்கமில்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தே கிடக்கிறேன் என்றார். சொல்கிற முகத்தில் கவலை இருந்தது. ஆனால் சொன்ன நோய் இல்லை. வரும் வழியில் மீன் என்ன விலை விற்றது என்பதுவரை கவனித்துக்கொண்டு வந்திருந்தார். "எப்பலேருந்து இப்படி?" என்று கேட்டேன். "மஸ்கட்லேருந்து திரும்பி வந்ததுலேருந்து" என்றார். "நீங்க மஸ்கட் போயிருந்தீங்களா?" என்றேன். அவர் நாகூரைத் தாண்டியதே இல்லை.

நோய் அவருடையதல்ல, மகன் யூசுப்புடையது. கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று போன வேகத்தில் திரும்பி வந்தவன், அறையை விட்டு வெளியே வருவதில்லை. "விடியிறதுக்கு முன்னாடி எந்திரிச்சுக் கொல்லைக் கிணத்தடியில போயி நிக்கிறாம்மா. கூப்பிட்டா வந்துடுறான். கூப்பிடுற வரைக்கும் நிக்கிறான்." ஒரு நிமிஷமும் தனியாக விடாதீர்கள், இன்றைக்கே கூட்டிவாருங்கள் என்றேன். ஆளைப் பார்க்காமல் டாக்டர் மருந்து எழுத மாட்டார் என்றும் சொன்னேன். அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் ஹாஜிராவுக்குச் சம்பந்தம் பேசியாகிவிட்டது. அண்ணன் இங்கே வருவது வெளியில் தெரிந்தால் அது கலைந்துபோகும். "ஹாஜிரா நிக்காஹ் முடியிற வரைக்கும் நானே நோயாளியா இருந்துட்டுப் போறேம்மா. மருந்த எம்பேருல எழுதிக் குடுங்க."

விசாரிக்க வந்தவர்

கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் கிளினிக்கிலும் வந்து விசாரிப்பார்கள் என்பது தெரியுமா? ஜைத்தூன் பீவி வந்துபோன இரண்டாம் நாள், வெள்ளைத் தொப்பியும் அத்தர் வாசனையுமாக ஒரு பெரியவர் வந்தார். ஹாஜிராவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் பெரியத்தாவாம், அப்பாவுக்கு அண்ணன். "அந்த வீட்டுலேருந்து யாராச்சும் இங்க வர்றாங்களா? ஒரு வார்த்த சொன்னாப் போதும்மா" என்றார்.

"யார் வர்றாங்க, யார் வரலைன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்லைங்க" என்றேன். கோபத்தை அடக்கிக்கொண்டுதான் சொன்னேன். "நாளைக்கு ஒங்களப் பத்தி யாராவது வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன்." வாசல்வரை போனவர் நின்றார். "நெசமாவே சொல்ல மாட்டீங்களா?" என்று திரும்பி வந்து உட்கார்ந்தார். பாதி ராத்திரியில் முழிப்பு வந்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறதாம், அப்புறம் விடியும்வரை தூக்கமில்லையாம். அதற்கு இங்கே மருந்து உண்டா என்றார். சம்பந்தப்பட்டவரே வரவேண்டும், சாயங்காலம் கூட்டம் இருக்காது என்றேன். யாருக்கு என்று நான் கேட்கவே இல்லை. அவராகவே சொன்னார்: "எனக்கில்லம்மா. தெரிஞ்சவர் ஒருத்தருக்கு."

கிணற்றுக்குத் தேதி தெரியாது

ஜைத்தூன் பீவி மறுபடி வந்தபோது கூட ஹாஜிராவும் இருந்தாள். அம்மாவுக்குத்தான் ஏதோ உடம்புக்கு என்று நினைத்து வந்திருக்கிறாள். அம்மா பழையபடி, "நிக்காஹ் மட்டும் முடியட்டும்மா" என்று ஆரம்பித்தார். கொல்லைக் கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுப்பதாகவும் சொன்னார். கேட்கக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, எந்த நாள்ல நிக்காஹ்ன்னு அந்தக் கிணத்துக்குத் தெரியாது. நீங்க கண் அசந்தா என்ன பண்ணுவீங்க? இன்னைக்கு நீங்க கூட்டிட்டு வரலைன்னா, நானும் டாக்டரும் ஒங்க வீட்டுக்கு வர்றோம். வாசல்ல காரை நிறுத்திட்டுத்தான் வருவோம். ஊர் பாக்கட்டும்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஹாஜிரா அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அண்ணன் கிணற்றடியில் நிற்பதை அவளும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். காற்று வாங்குவதாக நினைத்திருக்கிறாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "டாக்டர் இன்னைக்குச் சாயங்காலம் எத்தன மணி வரைக்கும் இருப்பாங்க?"

மாடிக்கு

இருட்டுவதற்கு வெகு முன்னாலேயே வந்தார்கள். சந்து வழியாக அல்ல, கடைத்தெருவோடு. மேலே ஜன்னலிலிருந்து பார்த்தேன். யூசுப் தாடி வளர்ந்து, தோள் எலும்பு துருத்தி, தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அந்தோணி வழக்கம்போல, "போனாம்மா?" என்றார். "இல்லண்ணே, மாடிக்கு" என்றாள் ஹாஜிரா. பூத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும்.

என் அறைக்கு வெளியே பெஞ்சில் அப்போது ஒரே ஓர் ஆள் இருந்தார். தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, துண்டால் பாதி முகத்தை மூடியிருந்த மாப்பிள்ளையின் பெரியத்தா. ஹாஜிரா படியேறி வந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சலாம் சொல்லி, அண்ணனை அவர் பக்கத்திலேயே உட்காரவைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க முதல்ல பாத்துட்டு வாங்க மாமா. எங்க அண்ணனுக்குப் பேச நெறைய இருக்கு."

மருந்து ஒரே நாளில் பிடிக்கவில்லை. ஆனால் நிக்காஹ் அன்று பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனவன் யூசுப்தான், அவனை வாய்க்கு வாய் "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அந்தப் பெரியத்தாதான். இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: இந்த ஊரில் எல்லோரும் நல்ல சுகம், தூக்கம் வராததெல்லாம் தெரிஞ்சவர் ஒருத்தருக்குத்தான்.