மாமா வைத்த போஞ்சிக்கறி

மாமாவின் கலியாணப் பேச்சு ஒன்றைக் குழப்பியவள் நான்தான் என்பது எங்கள் குடும்பத்தில் முடிந்த முடிவு. நாலு பேர் கூடினால் இன்றைக்கும் யாராவது அந்தக் கதையை எடுத்துவிடுவார்கள். நானும் சிரித்துக்கொண்டு கேட்டிருப்பேன். அப்போது எனக்கு எட்டு வயது. வயதைச் சொல்லித் தப்பிக்கலாம் என்றால் அதற்கும் ஒருவரும் விட்டதில்லை.

மாமா அம்மாவின் தம்பி. ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்டில் எங்களோடுதான் இருந்தார். டான்ஃபோர்த் தெருவில் ஒரு கிரேக்க உணவகத்துக்குக் கோப்பை கழுவப் போனவர், மெல்ல மெல்ல அடுப்படிக்கு நகர்ந்து, அங்கே பெரிய சமையல்காரராகியிருந்தார். அதை வெளியில் சொல்ல அம்மாவுக்கு வாய் வராது. தம்பிக்கு என்ன வேலை என்று கேட்பவர்களிடம் ‘ஒஃபிஸ்’ என்பார். எந்த ஒஃபிஸ் என்று கேட்டால் தேத்தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். மாமா ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. தாயில்லாத பிள்ளையாக இருந்தவரைத் தூக்கி வளர்த்தவர் அம்மா. அக்கா கிழித்த கோட்டை அவர் தாண்டமாட்டார்.

முப்பத்தைந்து வயதாகியும் அவருக்கு ஒன்றும் சரிவரவில்லை. அந்த வருடம்தான் மார்க்கம் என்ற பக்கத்து ஊரில் ஒரு இடம் பொருந்தி வந்தது. சாதகம் பார்த்து, படம் பார்த்து, பெண்ணின் தாயும் தகப்பனும் மாப்பிள்ளையை நேரில் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர்கள் வரக் குறித்தது புரட்டாசிச் சனி, மரக்கறிச் சாப்பாடுதான். இதையும் விட்டால் தம்பி தனிமரம்தான் என்று அம்மா ஒரு கிழமையாகப் புலம்பிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பாடம் நடந்தது. கால் மேல் கால் போட்டு இருக்கக்கூடாது. கேசரியை இரண்டாம் தரம் கேட்கக்கூடாது. மாமா எங்கே வேலை என்று கேட்டால் ஒஃபிஸ். மாமாவுக்கும் ஒரு பாடம் இருந்தது: முழுக்கைச் சட்டை. வேலையிடத்து வெதுப்படுப்பின் சூட்டுத் தட்டுகள் அவருடைய முன்கையில் சுட்டுப் போட்டிருந்த கோடுகளை அது மறைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மாமா, ஒன்று மட்டும் கேட்டார். போஞ்சிக்காய்க் கறியைத் தானே சமைக்க வேண்டுமாம். அம்மா முதலில் விடமாட்டேன் என்றார். பிறகு, ஒருநாளும் ஒன்றும் கேட்காதவர் கேட்கிறார் என்றோ என்னவோ, யார் கேட்டாலும் தான் வைத்ததாகத்தான் சொல்வேன் என்று சொல்லிச் சட்டியைக் கொடுத்தார்.

காலை முழுவதும் நான் குசினியை விட்டு நகரவில்லை. அந்தக் கறிக்குக் கிரேக்கர்கள் ஃபசோலாக்கியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாமா போஞ்சியை நறுக்காமல் நுனி மட்டும் கிள்ளினார். தேங்காய் துருவுவது போலத் தக்காளியைத் துருவினார். தோல் மட்டும் கையில் மிஞ்சியது. வெங்காயம், உருளைக்கிழங்கு, ஒரு பிடி இலை. அதற்குமேல் ஒலிவ் எண்ணெயை அவர் ஊற்றிய ஊற்றில் அம்மாவுக்கு நெஞ்சு பதறிவிட்டது. ஊரில் அது மருந்துக்கடையில் சின்னப் போத்தலில் விற்கிற சாமான், குழந்தைக்குப் பூசுவது. அதைப் போய்க் கறிக்கு ஊற்றுகிறானே என்று கரண்டியோடு வந்து மேலே மிதந்ததை வழிக்கப் பார்த்தார். மாமா சட்டியைக் கையால் மறித்துக்கொண்டார். அம்மாவை அவர் தடுத்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவர் தண்ணீர் விடவில்லை. கிளறவுமில்லை. இடைக்கிடை சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டுவார், அவ்வளவுதான். நான் கேள்விமேல் கேள்வி கேட்டேன். அலுக்காமல் சொன்னார். இறக்கிய பிறகு அரை மணித்தியாலம் மூடி வைக்க வேண்டும், சூடு ஆறினால்தான் ருசி என்றார். விருந்தாளிக்கு ஆறின கறியா என்று அம்மா தலையில் கை வைத்தார்.

வந்தவர்கள் நல்ல மனிதர்கள். தகப்பன் என்னைப் பக்கத்தில் இருத்தி, மாமா எங்கே வேலை என்று கேட்டார். ஒஃபிஸ் என்றேன். அம்மாவின் முகம் மலர்ந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது.

மேசையில் பருப்பும் பால்கறியும் பொரியலும் இருக்க, பெண்ணின் தாய் போஞ்சியையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டார். நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர் போலிருக்கிறது. வாயில் வைத்து யோசித்து யோசித்துச் சாப்பிட்டார்.

“உது என்னெண்டு வைச்சனீங்கள்?” என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா சிரித்தார். சும்மாதான், கொஞ்சம் வெந்தயம், கொஞ்சம் தேங்காய்ப்பால் என்று தொடங்கினார். பெண்ணின் தாய் இன்னொரு வாய் வைத்துப் பார்த்தார். தேங்காய்ப்பாலா என்று மெல்லக் கேட்டார். அம்மா பொரியலை அவர் பக்கம் நகர்த்தினார்.

மாமா சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை காலமை முழுக்கப் பக்கத்திலை நிண்டவள். சொல்லு பிள்ளை.”

இதற்குத்தானே காத்திருந்தேன். “தண்ணி விடக்கூடாது. கரண்டி போடக்கூடாது, சட்டியைப் பிடிச்சு ஆட்டோணும். ஓயில் நிறைய விடோணும். மாமான்ரை வேலையிலை பொட் இவ்வளவு பெரிசு, நூறு பேருக்கு வைக்கிறவர்” என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். ஒஃபிஸ் என்று சொல்லச் சொன்னார்கள், சொல்லிவிட்டேன். கறியைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று எனக்கு ஒருவரும் பாடம் எடுக்கவில்லையே.

தகப்பன் கையைத் துடைத்துக்கொண்டு, “தம்பி, எங்கை வேலை?” என்று கேட்டார்.

“கிரீக் ரெஸ்ரோரண்ட் ஒண்டிலை அண்ணை. குக். பதினொரு வருஷமாச்சு.”

வந்தவர்கள் மிச்சத்தைச் சாப்பிட்டு, தேத்தண்ணீர் குடித்து, மரியாதையாகப் போனார்கள். திங்கட்கிழமை தொலைபேசி வந்தது. சாதகம் பொருந்தவில்லையாம். பொருந்தியிருக்கிறது என்றுதான் வீட்டுக்கே வந்தார்கள்.

அதற்கு முன்பே, அவர்கள் வாசலைத் தாண்டாத குறையாக, “நல்ல வேலை பார்த்தாய்” என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மாமாவுக்கு இனி ஒருநாளும் கலியாணம் நடக்காது, அதற்கு நான்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டு அறைக்குள் போய்ப் படுத்தேன். அப்பா கூப்பிட்டும் நான் சாப்பிட வரவில்லை.

இப்போது ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் என் வீட்டில் அதே கறியை வைக்கிறபோது இதையெல்லாம் யோசிப்பேன். போஞ்சியைப் பற்றிய அந்தக் கேள்விக்கு மாமாவே பதில் சொல்லியிருக்கலாம். சொன்னால் வளர்த்த அக்காவை நாலு பேர் முன்னால் பொய்க்காரி ஆக்கியதாகிவிடும். சொல்லாவிட்டால், கட்டப்போகிறவளிடம் காலம் முழுக்க ஒஃபிஸுக்குப் போய்வர வேண்டும். இரண்டையும் செய்ய முடியாமல் அவர் என் தலையில் போட்டார். எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் போடுகிற பாரமா அது என்று எனக்குக் கோபமும் வருவதுண்டு. ஆனால் அடுத்த வருடம் பிறம்ரனில் இருந்து ஒரு இடம் வந்தபோது, அம்மா தொலைபேசியை எடுத்ததும் முதல் வேலையாக, தம்பி ரெஸ்ரோரண்டில் குக் என்று சொன்னார். அந்தப் பெண்தான் எங்கள் மாமி.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் இதொன்றும் எனக்குத் தெரியாது. மாமா ஒரு கோப்பையில் மிச்சப் போஞ்சியும் இரண்டு துண்டு பாணும் கொண்டு என் அறைக்கு வந்தார். கட்டில் விளிம்பில் இருந்து, பாணை எண்ணெயில் தோய்த்து என் வாயில் வைத்தார்.

“நல்லாச் சொன்னாய், பிள்ளை” என்றார்.

அவரும் அம்மாவைப் போலவே ஏசுகிறார் என்று நினைத்து, வாயில் இருந்த பாணை விழுங்கவும் முடியாமல் ஓவென்று அழுதேன்.