கேட்டதற்கு மட்டும் பதில்

மாவட்டம் தனியாகப் பிரிந்த வருஷம் எனக்கு இருபத்து நான்கு வயது. அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு முடித்திருந்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, செங்கம் ரோட்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வெள்ளைக்காரர்களிடம் இங்கிலீஷ் பேசிப் பழகிக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்த இங்கிலீஷ்தான் எனக்குச் சோறு போட்டது. ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் எல்லோரும் கண்ணை மூடி உட்கார வந்தவர்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அதில் சிலர் ஆராய்ச்சிக்கு வந்தவர்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. மலையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு அழைத்துப் போகவும், கேட்பதை மொழிபெயர்த்துச் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் யார் யாருக்குத் துணை போனேன் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும். கோபுரத்து வௌவால்களை எண்ண ஒருவர் வந்தார். பௌர்ணமிக் கூட்டம் எந்த வளைவில் வேகம் குறைகிறது என்று பார்க்க ஒருவர் கையில் கடிகாரத்தோடு நின்றார். ஆட்டுப் புழுக்கையைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, மேலே நம்பர் எழுதி, ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனார் இன்னொருவர். ஆட்டுக் குடலில் இருக்கும் புழுவைப் பற்றி மூன்று வருஷமாகப் படிக்கிறாராம். அவருக்கும் வௌவால்காரருக்கும் ஒரே லாட்ஜில் பக்கத்துப் பக்கத்து அறை. இதற்கெல்லாமா ஒரு பல்கலைக்கழகம் ஆளை அனுப்பும் என்று ஒருவரைப் பற்றி இன்னொருவர் என்னிடம் ரகசியமாகக் கேட்டார். நான் இரண்டு பேருக்கும் ஆமாம் போட்டேன். ஆனால் எந்தப் படிப்புக்காரராக இருந்தாலும், ஊருக்குள் போய் உட்கார்ந்ததும் என் முகத்தைப் பார்த்துக் கேட்பது ஒன்றுதான்: அவர் என்ன சொல்கிறார்?

எனக்கு முதலில் வாய்த்தவர் வங்காளத்திலிருந்து வந்த மொழியியல்காரர். இந்தப் பக்கத்துப் பேச்சை டேப்பில் பதிந்துகொண்டு போக வந்திருந்தார். முதல் நாள் ஒரு பெரியவரிடம் வேர்க்கடலையை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டோம். மல்லாட்டை என்றார். அதோடு நிற்கவில்லை. போன வருஷம் மழை கம்மி, மாப்பிள்ளை சரியில்லை, பங்காளி வரப்பை வெட்டிவிட்டான் என்று அவர் சொல்லிக்கொண்டே போக, நானும் ஒன்று விடாமல் மொழிபெயர்த்துக்கொண்டே போனேன். கேசட் தீர்ந்துவிட்டது. திரும்பி வரும்போது மொழியியல்காரர் கோபப்படாமல், கேட்டதற்கு மட்டும் பதில் வாங்கிக் கொடுத்தால் போதும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. எம்.ஏ. படித்தவனுக்கு இது கூடத் தெரியவில்லையே என்று அவமானமாக இருந்தது.

மறுநாளிலிருந்து நான் வேறு ஆளாகிவிட்டேன். யார் வாயைத் திறந்து சொந்தக் கதையை ஆரம்பித்தாலும், "அதெல்லாம் அப்புறம், கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க" என்று கத்தரித்துவிடுவேன். ஒரு வீட்டுக்குப் பத்து நிமிஷம். வளவளப்பில்லாத ஆள் என்று எனக்குப் பெயர் வந்தது. ஒருவர் ஊருக்குப் போனதும் அடுத்தவருக்கு என்னைச் சிபாரிசு செய்தார். இரண்டு ஆய்வேட்டின் முன்பக்கத்தில் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு அலைந்தவன் நான். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

மலைக்குப் பின்புறம் உள்ள ஒரு சின்ன ஊரில், தார் ரோடு முடிகிற இடத்தில் ஒரு வீடு இருந்தது. எதிரே புளியமரம், பக்கத்தில் கிணறு, நான்கைந்து ஆடு. வீட்டுக்காரர் கூலிக்குக் கிணறு வெட்டப் போகிறவர். அவர் மனைவிக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கலாம். மலையடிவாரத்தில் புல் அறுத்து வந்து விற்பார். எது கேட்டாலும் முகம் கோணாமல் பதில் சொல்வார். மொபெட்டை நிழலில் நிறுத்தலாம், மோர் கிடைக்கும். ஆகவே எந்த ஆராய்ச்சி வந்தாலும் முதலில் நான் அந்த வீட்டுக்குத்தான் வண்டியை விடுவேன். அதில் ஆராய்ச்சி முறை எதுவும் கிடையாது, என் சோம்பேறித்தனம்தான்.

மொழியியல்காரரோடு அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். அந்த அம்மாவுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. டேப் ஓடிக்கொண்டிருக்கும்போது அது தத்தித் தத்தி வந்து பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தது. உள்ளே சக்கரம் சுற்றுகிற அதிர்வு கையில் பட்டதும் கலகலவென்று சிரித்தது. கையை எடுக்கச் சொல்லி அம்மா மூன்று முறை அதட்டினார். குழந்தை திரும்பவே இல்லை. அப்போதுதான் அவர் சொன்னார்.

"இது கூப்ட்டா திரும்ப மாட்டேங்குது சார். தட்டு கீழ விழுந்தாகூட பாக்க மாட்டேங்குது. இவுரு பெரிய படிப்பு படிச்சவரு, இன்னா பண்ணலாம்னு கொஞ்சம் கேட்டு சொல்லுங்களேன்."

மொழியியல்காரர் என் முகத்தைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஒன்றுமில்லை, குழந்தையைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்றேன். அவர் குழந்தையைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போனார். பேச்சைப் பற்றியே வாழ்நாள் முழுக்கப் படிக்கிற மனிதர், பேச்சே வரப்போகாத ஒரு குழந்தைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் என்ற என் கெட்டிக்காரத்தனத்தில் அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அடுத்த வருஷம் ஒரு வெள்ளைக்காரர், தாவரவியல். மலைச் சரிவில் எத்தனை வகைப் புல் முளைக்கிறது என்பது அவர் ஆராய்ச்சி. புல் என்றால் அந்த அம்மாவை விட்டால் யார்? பெயர் சொல்லிச் சொல்லி ஒரு கோணி நிறைய எடுத்துக் கொடுத்தார். வேலை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, போன தடவை வந்தவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றீர்களே, அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். நான் அப்படிச் சொன்னதாகவே எனக்கு நினைவில்லை. அப்புறம் என்று தலையை ஆட்டியிருப்பேன், அவர் அதை வாக்காக எடுத்துக்கொண்டிருக்கிறார். மறந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"சொல்லிட்டேன்மா. எழுதிக்கிட்டாங்க" என்றேன்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மொழிபெயர்க்காமல் விட்டது மறதி என்று தள்ளிவிடலாம். இது மறதி இல்லை, சுத்தப் பொய். எங்கள் பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக ஒருவர் வந்து வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதினால், அது மேலே போகும், மேலேயிருந்து ஏதாவது வரும் என்று நம்புவார்கள். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுப்பது மாதிரிதான் அவர்களுக்கு அதுவும். அந்த நம்பிக்கை இருந்தால்தான் அவர்கள் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து பதில் சொல்வார்கள். அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் அதைத் திருத்தாமல் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு மகாராஷ்டிரத்திலிருந்து ஒருவர் கிணற்று ஆழம் அளக்க வந்தார். அப்போதும் அந்த அம்மா கேட்டார், "வரும்மா, கொஞ்சம் டைம் ஆகும்" என்றேன். புழுக்கைக்காரர் வந்தபோது பெண்ணுக்கு ஆறு வயது. ஆட்டைப் பிடித்து நிறுத்த அதுதான் உதவியது, சைகையிலேயே எல்லாம் செய்தது. அவர் மருந்து விஷயம் தெரிந்தவர், இந்தப் பெண் பேசாதா என்று அவராகவே என்னிடம் கேட்டார். கூச்ச சுபாவம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் நாலு வருஷமாக என்ன செய்தாய் என்று கேட்பாரே என்ற பயம். ஒரு பொய்யை மூட இன்னொன்று, அதை மூட இன்னொன்று என்று பூசி மெழுகிக்கொண்டே வந்தேன். நானே ஒருநாள் மொபெட்டில் தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். அரை மணி நேர வழி. போகவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் என்னிடம் உருப்படியான காரணம் இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வேலை குறைந்தது. தமிழ் தெரிந்த மாணவர்களே வர ஆரம்பித்தார்கள். நானும் ஒரு தனியார் பள்ளியில் வரலாறு எடுக்கப் போய்விட்டேன். அந்தச் சமயத்தில்தான் டெல்லியிலிருந்து ஒரு பெண் ஆய்வாளர் என்னைத் தேடி வந்தார். கிராமங்களில் காது கேளாத பிள்ளைகளைப் பெற்றோர் எப்போது கண்டுபிடிக்கிறார்கள், யாரிடம் கொண்டுபோகிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. அப்படிப்பட்ட வீடு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல நினைத்தேன். ஆனால் ஒரு வீடு தெரியும் என்றேன். அன்றைக்கே அந்த வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தது. ஆய்வாளர் அச்சடித்த படிவத்தை விரித்து ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த வயதில் தெரிந்தது? இரண்டு வயதில். சொந்தத்தில் வேறு யாருக்காவது உண்டா? இல்லை. முதன்முதலில் யாரிடம் தெரிவித்தீர்கள்? மருத்துவர், செவிலியர், ஆசிரியர், மற்றவர், யாரிடமும் இல்லை என்று பக்கத்தில் கட்டம் கட்டமாக இருந்தது.

அந்த அம்மா கையை நீட்டி என்னைக் காட்டினார்.

"இவுருகிட்டதான் சொன்னேன். மொத மொதல்ல டேப்பு எடுத்துகினு ஒருத்தரு வந்தாரே, அப்பவே. இதோட அப்பா பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போலாம்னு பஸ்ஸுக்குக்கூட கெளம்பிட்டாரு. நான்தான், அதான் எழுதிகினு போயிருக்காங்களே, அவங்களே வருவாங்க, நாம பாட்டுக்கு எங்கியாவது போயிட்டா வந்தவங்க திரும்பிடப் போறாங்கன்னு நிறுத்திட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அவர் கணவர் பஸ்ஸுக்குக் கிளம்பி நின்ற விஷயம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் உதவி செய்யாமல் விட்டவன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வந்துகொண்டிருந்த உதவியையும் நிறுத்தியவன் நான்.

என்ன சொல்கிறார் என்று ஆய்வாளர் கேட்டார். யாரிடமும் சொல்லவில்லையாம் என்றேன். அப்படியென்றால் ஏன் உங்களைக் காட்டுகிறார் என்றார். பல வருஷமாக என்னைத் தெரியும் என்கிறார் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, யாரிடமும் இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தார். அந்த அம்மா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சொல்லிட்டீங்களா சார்?"

"சொல்லிட்டேன்மா."

அந்த ஆய்வாளர் நல்ல மனுஷி. எழுதிக்கொண்டு போனதோடு விடவில்லை. வேலூர் பக்கம் விடுதியோடு ஒரு பள்ளி இருக்கிறது, இந்த வயதிலும் சேர்த்துக்கொள்வார்கள் என்று விலாசம் எழுதிக் கொடுத்து, அடுத்த மாதமே ஆளையும் அனுப்பினார். இதை மட்டும் ஒரு வார்த்தை குறையாமல் மொழிபெயர்த்தேன். பெண் போய்ச் சேர்ந்தது. சைகைப் பேச்சு கற்றது, தன் பெயரையும் அம்மா பெயரையும் எழுதியது, தையல் பழகியது. ஊர் முழுக்க அந்த அம்மா என்னைப் பற்றிப் புகழ்ந்து வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். கேட்டதிலிருந்து அந்த ஊர்ப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன்.

ஆனாலும் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டேன். மகளைப் பார்க்க வேலூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கும்பிட்டார். பெண்ணைப் பற்றிச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். சின்ன வயசிலேயே கொண்டுவந்து காதில் மெஷின் வைத்துப் பழக்கியிருந்தால் கொஞ்சமாவது பேச்சு வந்திருக்கும், இனிமேல் வராது என்று அங்கே ஒரு டீச்சர் சொன்னாராம்.

"ஒண்ணு கேக்கட்டுமா சார்? மொதல்ல வந்தாங்களே, டேப்புக்காரரு, புல்லு பாத்தவரு, கெணறு அளந்தவரு. எல்லாரும் எழுதிகினுதானே போனாங்க. அவங்க ஏன் சார் ஒண்ணுமே பண்ணல?"

சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவர்கள் யாருக்கும் தெரியாதும்மா, நான் சொல்லவே இல்லை என்று ஒரே வரி. அவர் என் முகத்தை அவ்வளவு நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க படிப்பு வேறம்மா" என்றேன்.

"அதுவும் சரிதான். ஒருத்தருக்கே எல்லாம் தெரிஞ்சிடுமா? அவங்களச் சொல்லி இன்னா ஆவப்போவுது, பாவம்" என்று ஒரு குற்றமும் செய்யாத அந்த மூன்று பேரையும் அங்கேயே மன்னித்துவிட்டார். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக மறுபடியும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் கும்பிட்டேன்.